நாற்பத்தொன்றாவது கண்ணி

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம் என்று என் மகன் சொல்வான். பிறவிக் குணம் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டது. செம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு நிலம் இருந்தபோது, அதில் ஒரு துண்டு என் கையெழுத்தால் போயிற்று. சும்மா சாட்சிக் கையெழுத்து என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒரு பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும். நான்கு ஆண்கள் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது அரை மணி நேரம் கேட்கக் கூச்சம். போட்டுக் கொடுத்தேன். அது சாட்சிக் கையெழுத்து இல்லை.

அதற்குப் பிறகு பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் கூச்சம் மட்டும் போகவில்லை. கூச்சமும் சந்தேகமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பெரிய கஷ்டம். நம்பவும் வராது, வாய் திறந்து கேட்கவும் வராது.

அப்படிப்பட்ட என் கையில் போன சித்திரையில் இரண்டு பின்னல் ஊசிகள் வந்து சேர்ந்தன.

எங்கள் மாடியில் குடிவந்த நர்ஸம்மாவால் வந்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மகளுக்கு இங்கே கம்பெனி வேலை என்பதால் கூடவே வந்துவிட்டார். வந்த மறு வாரமே, சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே இறங்கி, கார் நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரோட்டில் நாய்கூட நடக்காத வெயில். இந்த வெயிலில் ஒரு மனுஷி கம்பளி பின்னுகிறாள் என்றால் வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும். வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நோட்டம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

மூன்று நாள் அப்படிப் பார்த்தேன். நான்காம் நாள் அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நின்னு நின்னு கால் வலிக்கப்போகுது அக்கா. வெளிய வந்து உக்காந்து பாருங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் போனேன். போனதற்குக் காரணம் அந்தச் சத்தம். ஊசியும் ஊசியும் மோதும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். சுவர்ப்பல்லி சொல்வதுபோல, ஆனால் ஒரே சீராக. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

மருமகள் வேலைக்குப் போகிறாள். சமையலில் பாதியை மிஷின்கள் செய்கின்றன. என் கைகள் இரண்டும் மடியில் கிடந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்ததை நர்ஸம்மா பார்த்திருக்க வேண்டும். மறுநாள் எனக்கென்று ஒரு ஜோடி ஊசி கொண்டுவந்தார். நூல் மட்டும் நானே வாங்கினேன், தாம்பரம் மார்க்கெட்டில், வளையலும் ரிப்பனும் விற்கும் ஒரு கடையில். சந்தனக் கலர் உல்லன், நான்கு உருண்டை. கடைக்காரர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"மகனுக்கு ஒரு மஃப்ளர் போடுங்க. மார்கழியில பைக்ல போறப்போ கழுத்துல சுத்திக்கட்டும்" என்றார் நர்ஸம்மா.

மார்கழி வந்தால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் குளிர் தாங்காது. மகன் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவன், துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவான். சரி என்றேன்.

ஊசியில் ஏற்றும் ஒவ்வொரு சுருக்கையும் அவர் லூப் என்பார். நான் வலையில் இருப்பதுபோல இருந்ததால் கண்ணி என்று வைத்துக்கொண்டேன். நாலு நாள் வெறுமனே போட்டுப் போட்டுப் பிரித்தேன். கட்டை விரலில் நூலைச் சுற்றி ஊசியில் மாட்டுவது, முன்பக்கம் குத்தி எடுப்பது, பின்பக்கம் குத்தி எடுப்பது. ஐந்தாம் நாள் சொன்னார்.

"நாளைக்குக் காலையில நாப்பது லூப் போட்டு ஆரம்பிச்சிடுங்க அக்கா. ரெண்டு முன்னால, ரெண்டு பின்னால. வரிசை முடிஞ்சதும் திருப்பி, மறுபடியும் ரெண்டு முன்னால, ரெண்டு பின்னால. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்."

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து போட்டேன். நெல் அளக்கும்போது சொல்வதுபோல ஒன்றுக்கு லாபம் என்று தொடங்கி, லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணி, நாற்பத்தொன்று போட்டேன்.

இதை நான் தெரிந்து செய்த தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு இது தப்பு என்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எதையும் முழு எண்ணில் நிறுத்த மாட்டோம். நெல் அளந்தால் கடைசியில் ஒரு கை அள்ளி மேலே போடுவோம். மொய் என்றால் நூற்றொன்று. நாற்பது என்று சொன்னால், சொல்வதுதான் நாற்பது. செய்யும்போது ஒன்று சேர்த்துச் செய்வது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முழுசாக நிறுத்தினால் அத்தோடு நின்றுவிடும். மகன் கழுத்தில் சுற்றப் போகிறதை அப்படி நிறுத்துவேனா?

இரண்டு முன்னால், இரண்டு பின்னால் என்று போனால் வரிசை முடிவில் ஒரு கண்ணி மிஞ்சும். அதையும் முன்னால் குத்தி எடுத்துத் திருப்பிவிடுவேன். பட்டை பட்டையாக வரவேண்டிய பின்னல் கொஞ்சம் கோணிக்கொண்டு போயிற்று. கற்றுக்குட்டிக்கு அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் பத்து வரிசை. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணி என் கையிலிருந்து இறங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. சோறு ஆக்கினால் தின்று தீர்ந்துபோகும். வீடு பெருக்கினால் மறுபடி குப்பையாகும். இது இருந்தது. மத்தியானம் மூன்று தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. ஊசி கையில் இருக்கும்போது மனசு வாயை மூடிக்கொள்ளும். யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்குமே, அது நின்றுவிடும். ரெண்டு முன்னால, ரெண்டு பின்னால. அவ்வளவுதான் உலகம்.

கஷ்டங்களும் இருந்தன. மடியில் கம்பளி கிடந்து தொடை முழுக்க வேர்க்குரு. வேர்வை விரலில் நூல் ஒட்டிக்கொண்டு நகராது. நடு விரல் மரத்துப் போகும். வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்து, ஒரே வாரத்தில் இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டேன். ஒரு முறை ரசம் சுண்டி ஈயப் பாத்திரம் இளகிவிட்டது. கீரையும் பூவும் கொண்டுவருகிற பெண் கேட்டுக்கு வெளியிலிருந்து தினமும் ஏதாவது சொல்வாள்.

"இன்னா ஆயா, ஊரே வெந்துகினு கீது, நீ கம்பளி பின்னிகினு கீற? யாருக்கு, ஏரிக்கரை எருமைக்கா?"

"எம் புள்ளைக்கு" என்பேன்.

"அதான் நானும் சொன்னேன்" என்பாள்.

இதற்கெல்லாம் முன்பே, பின்ன ஆரம்பித்த இரண்டாம் நாள் காலையில் ஊசியை எடுத்ததும் எண்ணிப் பார்த்தேன். நாற்பது இருந்தது.

திரும்ப எண்ணினேன். நாற்பது. கீழே நழுவி விழுந்திருக்குமோ என்று பின்னலைத் தடவித் தடவிப் பார்த்தேன். விழவில்லை. சரி, நேற்று நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று, கட்டை விரலில் நூலைச் சுற்றி ஓரத்தில் ஒன்று கூடப் போட்டு நாற்பத்தொன்று ஆக்கினேன். மூன்றாம் நாள் காலையில் எண்ணினேன். நாற்பது.

அப்போது எனக்கு என் அக்கா ஞாபகம் வந்தது.

கோவிலம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு மறதி எண்ணிக்கையில்தான் ஆரம்பித்தது. ஐந்து பேர் வீட்டில் ஏழு தட்டு எடுத்து வைப்பாள். மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு எல்லாரும் வந்தாச்சா என்பாள். கடைசி இரண்டு வருடம் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டித்தான் வெளியே போனார்கள். நான் பார்க்கப் போனபோது, "பூ வேணாம்மா, நேத்து வாங்கினதே இருக்குது" என்றாள் என்னைப் பார்த்து. அக்காவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. எனக்கு இப்போது எழுபத்திரண்டு.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கண்ணி ஒன்று தினமும் குறைகிறது. ஒன்று, என் புத்தி குறைகிறது. இல்லை, யாரோ எடுக்கிறார்கள். யாரோ எடுத்தால் தேவலை. யாராவது ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொண்டவள் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எடுப்பது யார்? மகன் தூங்கி எழுந்து ஓடுகிறவன். மருமகளுக்குப் பின்னலை நான் வைக்கும் ஒயர் கூடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாலு மணிக்கு நான் டீ போட உள்ளே போகும்போது பின்னலோடு தனியாக இருப்பவர் ஒருவர்தான். நர்ஸம்மா.

நான் டீயோடு வெளியே வரும்போது சில நாள் என் பின்னல் அவர் மடியில் இருக்கும். "பாத்துக்கிட்டிருந்தேன் அக்கா" என்பார். அவர் எதிரில் நான் கண்ணியை எண்ணுவதில்லை. கொடுத்தவர் எதிரில் எண்ணுவது, உன்னை நம்பவில்லை என்று முகத்தில் சொல்வதுபோல. மறுநாள் காலையில் எண்ணுவேன். நாற்பது.

மறுபடி ஒன்று சேர்த்து நாற்பத்தொன்று ஆக்குவேன். ஏன் எடுக்கிறார் என்றுதான் புரியவில்லை. நான் சீக்கிரம் கற்றுக்கொண்டால் அவருக்கு இங்கே வந்து உட்காரக் காரணம் இருக்காது என்றா? என் பின்னல் கோணலாக இருந்தால்தான் அவர் பின்னல் நேராகத் தெரியும் என்றா?

இதற்கு நடுவில் அவர் கேள்விகள் வேறு கேட்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் குன்னூர்க் குளிரைப் பற்றி, ஆஸ்பத்திரியில் பார்த்த வேடிக்கைகளைப் பற்றிப் பேசுவார். இப்போது பேச்சு என்னைச் சுற்றியே வந்தது.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்கா. காலையில என்ன டிபன்?"

"உப்புமா."

"நேத்து?"

நேற்று எங்கள் வீட்டில் என்ன டிபன் என்பது இவருக்கு எதற்கு? "மறந்துபோச்சு" என்று வேண்டுமென்றே சொன்னேன். அவர் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோல இருந்தது. நடிப்பு என்று நினைத்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் நர்ஸம்மாவும் என் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மருமகள் சத்தமாக, "ஆமா ஆன்ட்டி, இன்னைக்கு வாட்டர் லாரி வரல" என்றாள். தண்ணீர் லாரி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மருமகள் ஆபீசிலிருந்து தினமும் மூன்று போன் போட்டாள்.

"அத்தை, கேஸ் ஆஃப் பண்ணிட்டீங்களா? எதுக்கும் ஒரு தடவ போய்ப் பாருங்களேன்."

பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கும். "வெயிட்டா இருக்கு அத்தை, நான் வச்சுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஏரி ரோட்டுக் கடைக்குத் தனியாகப் போக வேண்டாம் என்றாள். வண்டி அதிகம் என்றாள். அந்த ரோட்டில் என்றைக்கு வண்டி குறைவாக இருந்தது? அடுத்த புதன்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றாள்.

"எனக்கு இன்னா உடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா ஒரு செக்கப்."

சும்மா. எனக்கு அந்த வார்த்தையைத் தெரியும். சாட்சிக் கையெழுத்துக்கும் அதைத்தான் சொன்னார்கள். பைத்தியம் என்று ஒரு பேப்பர் வாங்கிவிட்டால் மிச்சமிருக்கும் இந்த வீட்டையும் எழுதி வாங்கிவிடலாம், அதற்குத்தான் மாடியில் ஒரு நர்ஸைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றுகூட யோசித்தேன். இப்போது சொல்லும்போது கூசுகிறது. அப்போது அது எனக்குப் பகல்போலத் தெளிவாக இருந்தது.

ஆனால் அந்தத் தெளிவுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. யாருமே எடுக்காமல் இருந்தால்?

புதன்கிழமைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டீ போடப் போவதற்கு முன்னால், பூஜை அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, ஊசியில் இருந்த கடைசி இரண்டு கண்ணிக்கு அடியில் தடவினேன். மேலே பார்த்தால் தெரியாது. நர்ஸம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பொட்டு வைப்பதில்லை. அவர் கைக்குக் குங்குமம் வர வேறு வழியே இல்லை.

 தொட்டிருக்க வேண்டும், தொட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டீயை வடிகட்டினேன்.

வெளியே வந்தேன். பின்னல் கூடையில் ஒழுங்காக இருந்தது. நர்ஸம்மா டம்ளரை வாங்கக் கையை நீட்டினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சிவப்பு. வெளிர் நீலப் புடவை முந்தியிலும் ஒரு தீற்றல்.

எனக்கு வந்தது கோபம் இல்லை. உடம்பெல்லாம் காற்றுப் போனதுபோல ஒரு லேசு. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க அது?"

"எது அக்கா?"

"நீங்க எடுத்தது. தெனம் ஒண்ணு எடுக்கறீங்களே, அது."

அவர் தன் விரலைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் எடுக்கல. நாப்பத்தொண்ணு இருந்துச்சு. அதிகமா இருக்கறத சேத்துப் பின்னி நாப்பதாக்கினேன்."

"அதிகம் இன்னா அதிகம்? நான் போட்டதே நாப்பத்தொண்ணு."

"நான் நாப்பதுதானே சொன்னேன்?"

"நீங்க நாப்பதுன்னு சொல்லுவீங்க. அதுக்காக நாப்பதோடவா நிறுத்துவாங்க? மேல ஒண்ணு வைக்க மாட்டாங்க?"

நர்ஸம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"ஐயோ அக்கா. நாம மஃப்ளர் பின்றோமா, மொய் எழுதறோமா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடும்படி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குங்குமம் கன்னத்திலும் ஏறியது.

"நான் தினம் நாப்பதாக்கி வைப்பேன். மறுநாள் பாத்தா நாப்பத்தொண்ணு. ஓரம் வேற பல்லு பல்லா வருது. முப்பது வருஷம் வயசானவங்களப் பாத்திருக்கேன் அக்கா. இப்படித்தான் சின்னதா ஆரம்பிக்கும். முகத்துக்கு நேரா சொன்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க. அதான் சொல்லாம சரிபண்ணேன். பால் பொங்கினது, ரசம் சுண்டினது எல்லாம் உங்க மருமக சொன்னாங்க. எனக்கு உறுதியாயிடுச்சு. நான்தான் அவங்ககிட்ட டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னேன்."

"எனக்கு மறதின்னு நெனச்சீங்களா?"

"ஆமா அக்கா."

"நான் உங்கள திருடின்னு நெனச்சேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் முகம் மாறிவிட்டது. குங்குமம் பட்ட விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"இது நீங்க வச்சதா? என்னைப் பிடிக்கவா?"

எனக்கு மறுபடி கூச்சம் வந்து வாயை அடைத்துவிட்டது. அவர் எழுந்து மாடிக்குப் போனார். டீ அப்படியே ஏடு கட்டிக் கிடந்தது.

மருமகளிடம் அன்றைக்கே அவர் போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. தப்பு தன்மேல் என்றுதான் சொன்னாராம். குங்குமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தும் மருமகள் டாக்டரை விடவில்லை. "டோக்கன் போட்டாச்சு அத்தை. ஒரு தடவ பாத்துட்டா நமக்கும் நிம்மதி" என்றாள். நமக்கு என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பையனாக இருந்தார். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று போனேன். "போதும் பாட்டி" என்றார். நான் நிறுத்தவில்லை. இரண்டில் வந்து முடிந்தபோது மருமகள் சேலையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்காங்க" என்றார் டாக்டர்.

வயசுக்குத் தகுந்த மாதிரி என்றால் என்ன என்று வழியெல்லாம் யோசித்தேன். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாமே? இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் மருமகள் பீரோ சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஸாரி அத்தை" என்றாள். சாவி இடுப்பில் ஏறியது. போன் மட்டும் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று இன்றைக்கு வரை நிற்கவில்லை.

நர்ஸம்மா ஐந்து நாள் கீழே இறங்கவில்லை. நாலு மணிக்கு நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் பின்னிப் பார்த்தேன். இரண்டு ஊசி சத்தம் தனியாகக் கேட்டபோது நன்றாக இல்லை. ஆறாம் நாள் டீயை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். அந்த வீட்டை அவர்களுக்கு விட்ட பிறகு நான் ஏறிய முதல் தடவை. பதினெட்டுப் படி. கதவைத் தட்ட அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தட்டுவதற்குள் அவரே திறந்தார்.

"டீ ஆறியிருக்கும் அக்கா" என்றார். வாங்கிக் குடித்தார். பிறகு, "எங்க, பின்னல் எங்க? கொண்டு வரலியா?" என்றார்.

மார்கழியில் மகன் அந்த மஃப்ளரைக் கட்டிக்கொண்டுதான் போனான். நான் ஒன்று போட, அவர் ஒன்று எடுக்க, ஒரு பக்கம் ஓரம் முழுக்க ரம்பப் பல்போல இருந்தது. "இன்னா ஆயா, எலி கொறிச்சிடுச்சா?" என்றாள் பூக்காரி. மகன் பல் இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டான்.

இப்போது இரண்டாவது மஃப்ளர், மருமகளுக்கு. இதில் நாற்பது பின்னல் கண்ணி, ஒன்று ஓரக் கண்ணி. ஓரக் கண்ணியை எப்போதும் ஒரே மாதிரி குத்தினால் பட்டை கோணாது என்று நர்ஸம்மா கண்டுபிடித்துச் சொன்னார். "உங்க சாமிக்கு ஒண்ணு, என் கணக்குக்கு நாப்பது" என்றார். நேராகத்தான் வருகிறது.

போன வியாழக்கிழமை நர்ஸம்மா ஒரு கல்யாணத்துக்குக் குன்னூர் போனார். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணினேன். நாற்பத்தொன்று. சனிக்கிழமை காலையில் எண்ணினேன். நாற்பத்திரண்டு.

லாபம், ரெண்டு என்று நாலு தடவை எண்ணினேன். நாற்பத்திரண்டு. நூலைத் தவறி முன்னால் விட்டுப் பின்னினால் ஒன்று கூடும், எனக்குத் தெரியும். அப்படிக் கூடினால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மருமகளைக் கேட்கலாம். கேட்டால் டோக்கன் போடுவாள்.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"போறதுக்கு முன்னாடி என் பின்னலத் தொட்டீங்களா?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. பிறகு அவர் கேட்டார்.

"எத்தனை இருக்கு அக்கா?"

"நாப்பத்திரெண்டு."

"ஐயோ, நான்தான் அக்கா. வியாழக்கிழமை கிளம்பற அவசரத்துல ரெண்டு வரிசை போட்டேன். அதுல ஏறியிருக்கும். மன்னிச்சுக்கங்க."

வெள்ளிக்கிழமை சரியாக இருந்ததை நான் சொல்லவில்லை.

"பரவால்ல. கடைசி ரெண்ட சேத்துப் பின்னிடறேன்."

"அப்படியே செய்ங்க. நான் செவ்வாய்க்கிழமை வந்துடுவேன், வந்து பாக்கறேன். இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க அக்கா, என் மானம் போயிடும்."

"சொல்லல" என்றேன்.

அவர் சொன்னது பொய். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆயுசு முழுக்க எதையும் அமுக்கிப் பார்த்தே வாங்கியவள், இதை அமுக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. வந்து உட்கார்ந்து, கடைசி இரண்டையும் சேர்த்துப் பின்னினேன்.